கலருக்கு வரலாறு வேண்டாமா?

நண்பர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் காளிமார்க் பொவண்டோவில் வந்து நின்றது. கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் சிறுபத்திரிகைகளில் எழுதுகிறவர்கள். மீதிப்பேர் அவற்றைக் கடன் வாங்கிப் படிக்கிறவர்கள். பொவண்டோ என்றதும் எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரிக் கனிவு படர்ந்தது. ஒருவர் தம் அக்காள் கல்யாணத்தைச் சொன்னார். இன்னொருவர் பேருந்து நிலையத்தில் அப்பா வாங்கித் தந்து, தம்பியோடு பங்கிட்டுக் குடித்த பாட்டிலைச் சொன்னார். 'இதன் வரலாற்றை யாராவது எழுத வேண்டும்' என்று நாம் சொன்ன மாத்திரத்தில் அந்தக் கனிவு போன இடம் தெரியவில்லை. 'குளிர்பானத்துக்கெல்லாம் வரலாறா? விளம்பரக் கம்பெனிக்காரன் எழுதிக்கொள்வான் ஐயா' என்றார் மூத்த கவிஞர் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிரானது.

முதலில் ஒன்றைக் கேட்போம். இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறோமே, அந்தப் பொருளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? நாளிதழ் இணைப்புகளிலும் இணையத்திலும் திரும்பத் திரும்ப வருவது இவ்வளவுதான்: 1916இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் இந்தத் தொழிலைத் தொடங்கினார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் திராட்சைச் சுவையோடு பொவண்டோ வந்தது. பெப்சியும் கோக்கும் வந்தபோது உள்ளூர்க் கம்பெனிகள் பல மூடிக்கொண்டன, இது தாக்குப்பிடித்தது. 2016இல் நூற்றாண்டு கண்டது. நான்கு வாக்கியங்கள். நூறு ஆண்டுகளுக்கு நான்கு வாக்கியங்கள்! தென் மாவட்டத்துக் குறுநில மன்னன் எவனுக்கேனும் இத்தனை சுருக்கமாக மெய்க்கீர்த்தி எழுதியிருந்தால் நம் பேராசிரியர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

'இது இலக்கியத்தின் வேலை அல்ல' என்பது முதல் மறுப்பு. ஆ.இரா. வேங்கடாசலபதி 2000இல் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலை வெளியிட்டபோது இதே மறுப்பை எழுப்பியிருக்கலாமே, ஏன் எழுப்பவில்லை? காப்பி நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடத்தில் இருந்தது. எழுதுகிறவர்களின் மேசையில் இருந்தது. ஆகவே அதற்கு வரலாறு உண்டு என்பதை உடனே ஒப்புக்கொண்டோம். தொ. பரமசிவன் உணவையும் உடையையும் எண்ணெயையும் உரலையும் பற்றி எழுதியதை இன்று பாடநூலாக வைத்திருக்கிறோம். ஆ. சிவசுப்பிரமணியன் பனையைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். காப்பிக்கும் பனைக்கும் ஆள் கிடைத்தார்கள். கலருக்கு மட்டும் விளம்பரக் கம்பெனிக்காரன் போதும் என்றால், அந்தத் தீர்ப்பில் ரசனையைவிடச் சோம்பலே அதிகம் என்பது நம் எண்ணம்.

கலர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் நிறம் என்று மட்டுமே பொருள்படும் ஒரு சொல்லைத் தமிழன் பானத்துக்குப் பெயராக்கிக்கொண்டான். 'வந்தவங்களுக்குக் கலர் வாங்கிட்டு வா' என்று வீட்டில் சொன்னால் எந்தப் பிள்ளையும் வண்ணப் பெட்டியைத் தேடி ஓடியதில்லை. சோடா என்றால் நிறமற்றது. கலர் என்றால் நிறம் உடையது. எவ்வளவு எளிய, எவ்வளவு துல்லியமான பாகுபாடு! மயங்கொலிச் சொற்களுக்குப் பட்டியல் போடும் நம் இலக்கண ஆசிரியர்கள் இச்சொல் எப்போது, எந்த ஊரில் புழக்கத்துக்கு வந்தது என்று தேடியிருக்க வேண்டாமா? பொவண்டோ என்ற பெயரையும் பாருங்கள். 1908இல் மான்செஸ்டரில் பிறந்து கீழை நாடுகளுக்கும் வந்த விம்டோ என்ற திராட்சை பானத்தின் ஓசைச் சாயல் அதில் கேட்கவில்லையா? நமக்குக் கேட்கிறது. நம் காது தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஆராய வேண்டிய காதுகள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கின்றன.

சொல்லோடு இது முடிவதில்லை. சிவகாசிக் கலவரம் 1899இல் நடந்தது. பனையேறுதலையும் அதைச் சார்ந்த தொழில்களையும் காட்டி இழிவு சுமத்தப்பட்ட ஒரு சமூகம், கோயில் நுழையும் உரிமைக்காகவும் தெருவில் நடக்கும் உரிமைக்காகவும் அடி வாங்கிக்கொண்டிருந்த காலம். மகமை என்று வணிகத்தில் ஒரு பங்கை ஒதுக்கிப் பள்ளியும் சந்தையும் கட்டிக்கொண்ட ஊர்களுள் விருதுநகர் முதன்மையானது. அந்த ஊரில், அந்தக் கலவரத்துக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, ஒருவர் தண்ணீரில் வாயுவை ஏற்றிப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்குகிறார். தண்ணீர்! இந்த நாட்டில் யார் கையால் யார் வாங்கிக் குடிக்கலாம் என்று ஆயிரம் விதி வைத்திருந்த அதே தண்ணீர். மூடி போட்ட பாட்டிலுக்குத் தீட்டு உண்டா? கிணற்றடியில் விலக்கியவர்கள் கடையில் வாங்கிக் குடித்தார்களா? தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த தெருக்களில், ஒருவர் குடித்துத் திருப்பிக் கொடுத்ததைக் கழுவி நிரப்பி வேறொருவருக்குக் கொடுக்கும் சோடா பாட்டிலை என்ன செய்தார்கள்? அண்ணாந்து குடித்துச் சமாளித்தார்களா, அல்லது கண்ணாடியின் பளபளப்பில் விதியை மறந்தார்களா? நம் சமூக நாவல்கள் தேநீர்க் கடையைத் தாண்டிச் சோடா கடைக்கு வந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். அந்தச் சமூகத்தின் அரசியல் எழுச்சியை விரிவாக எழுதுவதற்குக்கூட ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர் வரவேண்டியிருந்தது. அவர் நூல் 1969இல் வெளிவந்தது.

இன்னொன்றும் உண்டு. இதுதான் நம்மை நெடுநாள் உறுத்திக்கொண்டிருப்பது. மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971 வரை அது நீடித்தது. பொவண்டோ பிறந்தது இந்த இடைவெளிக்குள்! கள்ளும் சாராயமும் சட்டப்படி இல்லாத ஒரு நாட்டில், கருஞ்சிவப்பாய், நுரை பொங்க, பாட்டிலைத் திறந்ததும் ஓசை எழுப்பிக்கொண்டு ஒரு பானம் வருகிறது. பெரியவர்கள் கடை வாசலில் நின்று கௌரவமாகக் குடிக்க அப்போது எத்தனை பானங்கள் இருந்தன? அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில், 1829இல் தொடங்கிய யூங்லிங் என்ற பென்சில்வேனியா மாநிலத்துப் பீர் ஆலை, போதையற்ற பீரையும் ஐஸ்கிரீமையும் விற்று உயிர்பிழைத்தது. இன்றும் அது அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தக் கதையை அங்கே பள்ளிப் பிள்ளையும் சொல்லும். சட்டம் ஒரு பானத்தைத் தடுக்கும்போது வேறொரு பானத்துக்கு வழி பிறக்கிறது என்பது அங்கே பொது அறிவு. இங்கே மதுவிலக்கைப் பற்றி மேடைப் பேச்சுகள் மலைமலையாய் உண்டு. மதுவிலக்குக் காலத்தில் தமிழன் என்ன குடித்தான் என்பதற்கு ஒரு கட்டுரை உண்டா? நாம் சொல்வது ஊகமே. ஊகத்தை மறுப்பதற்காவது யாரேனும் கணக்கேடுகளைப் புரட்டட்டும்.

(எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதில் தனிச் சுவை உண்டு. கெடாரிலிருந்து புதுச்சேரி ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. 1954 வரை அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எல்லைக்கு இந்தப் பக்கம் காந்தியார் சட்டம். விழுப்புரத்தான் 'பாட்டில்' என்று சொன்னால் எந்தப் பாட்டில் என்று இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். மதுவில் நமக்கென்று ஊர்ப்பெயர் சொல்லிப் பெருமைப்படும் ஒரு பீர் வாய்க்காமல் போனதில் வியப்பில்லை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். எது வந்திறங்கியதோ அதைக் குடிப்பான். அமெரிக்கன் தன் ஊர்ப் பீர் மீது வைக்கும் பாசத்தைத் தமிழன் கலர் மீதுதான் வைக்க முடிந்தது.)

இரண்டாம் மறுப்பு உடல்நலக்காரர்களுடையது. எல்லாமே சர்க்கரைத் தண்ணீர்தானே என்கிறார்கள். ஆம், சர்க்கரைத் தண்ணீர்தான். உள்ளூர் முதலாளி கரைத்தால் சர்க்கரை தேனாகிவிடுவதில்லை; உள்ளூர் ஆழ்துளைக் கிணறு பன்னாட்டுக் கிணற்றைவிடக் கருணையோடு நீர் இறைப்பதும் இல்லை. நாம் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. புகையிலைக்கும் அபினிக்கும் வரலாறு எழுதுகிறவர்கள் அவற்றைச் சிபாரிசா செய்கிறார்கள்?

மூன்றாவது கூட்டம் மறுப்புக் கூட்டமே அல்ல. அளவுக்கு மீறிய ஆதரவுக் கூட்டம். இவர்களோடுதான் நமக்குப் பெரிய வழக்கு. 2017 சனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது பன்னாட்டுக் குளிர்பானங்களுக்கு எதிரான முழக்கமும் எழுந்தது. வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. தாமிரபரணி நீரை அந்நிறுவனங்களின் ஆலைகளுக்குக் கொடுப்பதற்கு 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்திருந்த மதுரைக் கிளை உயர்நீதிமன்றம், வணிகர்களின் புறக்கணிப்பு தொடங்கிய மறுநாள், 2017 மார்ச் 2 அன்று, வழக்கையே தள்ளுபடி செய்தது. அந்த நாட்களில் பொவண்டோ ஒரு பானமாகவே இல்லை, கொடியாக இருந்தது. நம் கவிஞர்கள் அதைத் தமிழ் அடையாளம் என்றார்கள். கையில் பாட்டிலோடு படம் எடுத்துப் போட்டார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் அவர்களில் பலர் வீட்டுக் குளிர்பெட்டியில் பழைய பாட்டில்களே திரும்பி வந்திருந்தன என்பதை, விருந்துக்குப் போனவர்கள் என்ற முறையில், நாம் அறிவோம்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முழக்கம் எழுப்பினார்களே ஒழிய, ஒரு பாட்டில் கடைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கெடார்க் கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் ஆளுயரத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி. அது கடைக்காரருடையது அல்ல. பெரிய கம்பெனி ஒன்று கொடுத்து வைத்தது. அதில் அந்தக் கம்பெனியின் சரக்கைத்தான் அடுக்க வேண்டும். பொவண்டோ கீழே, கிரேட்டில், சித்திரை வெயிலில் கிடந்தது. 'உள்ளே வைக்கக் கூடாதா அண்ணே?' என்று கேட்டோம். 'வச்சா பெட்டிய எடுத்துட்டுப் போயிடுவான் சார். கரண்டு பில்லு மட்டும்தான் என்னோடது' என்றார். பிறகு, நம் முகத்தைப் பார்த்துவிட்டு, 'பால் பாக்கெட் ஓரமா ஒண்ணு ரெண்டு வைப்பேன், கேக்கறவங்களுக்கு' என்று மெல்லச் சொன்னார். தமிழ் அடையாளம் பால் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது! இதைப் பற்றி அந்த மெரினாக் கவிதைகளில் ஒரு வரி உண்டா?

வரியையும் பார்ப்போம், கவிதை வரியை அல்ல, கட்டும் வரியை. 2017 சூலை 1 முதல் சர்க்கரை கலந்த காற்றேற்றிய பானங்களுக்குச் சரக்கு சேவை வரி 28 விழுக்காடு, அதன் மேல் இழப்பீட்டு வரி 12, ஆக 40. 2025 செப்டம்பர் 22 முதல் இழப்பீட்டு வரி நீங்கி நேராகவே 40. உலகம் முழுவதும் ஆலை வைத்திருப்பவனுக்கும் அதே 40. விருதுநகரில் தொடங்கியவனுக்கும் அதே 40. சிறு உற்பத்தியாளர்கள் விற்றுமுதலில் சிறு பங்கை மொத்தமாகக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் காம்போசிஷன் திட்டம் ஒன்று உண்டு. காற்றேற்றிய நீர் தயாரிப்பவர்கள் 2019இல் அத்திட்டத்திலிருந்தும் விலக்கப்பட்டார்கள். பன்னீர் சோடாவும் இஞ்சிக் கலரும் போடுகிற சிறு பட்டறைக்காரனுக்கு இது எத்தகைய அடி என்பதை எந்தத் தமிழ் அடையாளக்காரரும் பேசிக் கேட்டதில்லை. கோலி சோடா என்றதும் 2014இல் வந்த திரைப்படம் நினைவுக்கு வருகிறது நமக்கு. அந்தக் கோலிக்குண்டுப் பாட்டிலை 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை செய்தார் என்பதும், இங்கிலாந்து அதை மறந்துவிட, ஜப்பானியர் ராமுனே என்ற பெயரில் இன்றுவரை போற்றிவருகிறார்கள் என்பதும் நமக்குச் செய்தியாகவே படுவதில்லை.

வரலாறற்ற பிரியத்துக்கு என்ன நேரும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1977இல் கோகா கோலா இந்தியாவை விட்டுப் போனது. 1993இல் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் பார்லே நிறுவனத்திடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட், சிட்ரா, மாஸா ஆகிய பெயர்களை வாங்கிக்கொண்டது. கோல்டு ஸ்பாட்டுக்கு எத்தனை பிரியர்கள் இருந்தார்கள்! வாங்கியவனுக்குத் தன் ஃபான்டாவை விற்க வேண்டியிருந்தது. கோல்டு ஸ்பாட் கடையிலிருந்து மறைந்தது. ஓர் இரங்கல் கட்டுரைகூட எழுதாமல் நாம் ஃபான்டாவுக்கு மாறினோம். கேம்பா கோலாவை 2022இல் ரிலையன்ஸ் வாங்கி அடுத்த ஆண்டே கடைக்குக் கொண்டுவந்தது. 2023இல் சூரத் நகரத்து சோசியோவில் பாதிப் பங்கையும் அதே குழுமம் வாங்கியது. சோசியோ 1923இல் விம்டோவுக்குப் போட்டியாகச் சுதேசி முழக்கத்தோடு பிறந்த பானம். நம் பொவண்டோவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்றே சொல்லலாம். பழைய ஏக்கத்துக்கு நல்ல சந்தை இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. எழுதுகிறவனுக்குத்தான் தெரியவில்லை.

ஊர்ப்பாசத்தை விலைக்கு வாங்கும் கலையில் அமெரிக்கர்கள் நமக்கு முன்னோடிகள். சியாட்டில் நகரத்தில், அந்நகரிலிருந்து தெரியும் மலையின் பெயரால் ரெய்னியர் என்றொரு பீர் இருந்தது. ஆலையின் உச்சியில் சிவப்பாய் ஒளிரும் 'ஆர்' எழுத்தைப் பார்த்துத்தான் ஊர்க்காரன் வீடு வந்துவிட்டதாக உணர்வானாம். 1999இல் ஆலையை மூடினார்கள். பெயர் பாப்ஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அந்தப் பெயரிலேயே வேறெங்கோ காய்ச்சி விற்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்த ஊர்க்காரர்களை. பழைய 'ஆர்' எழுத்தை நகர அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 2013இல் அதைப் போலவே ஒன்று செய்து பழைய கட்டடத்தின் மேல் ஏற்றினார்கள். தகர டப்பா, மூடி, விளம்பரத் தட்டி என்று வீடுதோறும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை. அது நம் ஊர் ஆலை என்ற சாட்சியத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். பெயரை வாங்கியவன் நாளை எந்தக் கதையைக் கட்டினாலும் 'அப்படி நடக்கவில்லை' என்று சொல்ல ஆள் இருக்கிறது. காளிமார்க்குக்கு அப்படியொரு நாள் வர வேண்டாம் என்றே விரும்புகிறோம். வந்தால், நம் கையில் என்ன இருக்கும்? நான்கு வாக்கியங்கள்.

நிறுவனத்தாருக்கும் ஒரு வார்த்தை. பழைய முகவரிச் சீட்டுகள், ரசீதுகள், சம்பளப் பதிவேடுகள், நாட்காட்டிகள் எவையேனும் மிஞ்சியிருந்தால் ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓரிடத்தில் படியெடுக்கக் கொடுங்கள். சுவையின் சூத்திரத்தை யாரும் கேட்கவில்லை.

நம் பங்குக்கு நாம் ஒரு சிறு காரியம் செய்தோம். இளங்கலை மாணவர்களிடம், 'உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கல்யாணத்தில் என்ன கலர் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்' என்றோம். 'இது தமிழ்ப் பாடமா?' என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் எழுதி வந்தார்கள். செய்யுள் நயம் பாராட்டச் சொன்னால் இத்தனை பேர் எழுதுவதில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கலரும் மற்றவர்க்குச் சோடாவும் கொடுத்ததால் பந்தியில் சண்டை வந்ததை ஒரு பெண் எழுதியிருந்தாள். காலிப் பாட்டில் ஒன்று குறைந்ததற்காகத் தாத்தா இரண்டு நாள் வைக்கோற்போரைக் கலைத்துத் தேடியதை ஒருவன் எழுதியிருந்தான். இவற்றுள் ஒன்றை நம் சிறுகதையாசிரியர்கள் எவரும் இதுவரை எழுதியதாக நினைவில்லை.

ஒரு மாணவனின் பாட்டனார் இளமையில் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவியவர். எண்பதைக் கடந்துவிட்டார். போன மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பதிவு செய்தோம். பாட்டில் வெடிக்கும் என்பதற்காக முகத்தில் கம்பி வலை கட்டிக்கொண்டு இயந்திரத்தைக் கையால் சுற்றிய கதையைச் சொன்னார். வலது புருவத்தின் மேல் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். வலை கட்டாத நாளாம் அது. கம்பெனியின் பெயரைக் கேட்டோம். சற்று யோசித்தார். 'முதலாளி பேரு ஞாபகம் இருக்கு. கம்பெனி பேரு பாட்டில்ல எழுதியிருக்கும்; நான் எங்க படிச்சேன்?' என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம். வீட்டில் பழைய பாட்டில் ஏதாவது கிடக்கிறதா என்று தேடிவைக்கும்படி அவர் மருமகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.